எல்லாரும் எழுதிய பாடம்

சும்மா கிடைத்தது என்று யாராவது எதையாவது கொண்டுவந்து காட்டினால், எங்கள் பூட்டுக்காரர் பொருளைப் பார்க்க மாட்டார். கொண்டுவந்த ஆளின் முகத்தைத்தான் பார்ப்பார். இருபத்திரண்டு வருஷமாக எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் என் தையல் கடை, அந்தப் பக்கம் அவர் கடை, அதற்குப் பின்னால் அவர் வீடு. அவர் அரம் போடுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு மனசு எப்படி என்று சொல்லிவிடுவேன். அந்த மழை வாரத்தில் அரம் ஒழுங்காக ஓடவில்லை. இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு இழுப்பு. ஆள் கை ஒரு இடத்திலும் நினைப்பு ஒரு இடத்திலுமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

நினைப்பெல்லாம் அவர் மனைவி வைத்திருந்த காகிதக் கட்டின் மேல்.

அவளை நான் சின்னவள் என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஆறு வயசு இளையவள். மூன்று தெரு தள்ளி இருக்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதின்மூன்று வருஷமாகக் கவுண்டரில் இருக்கிறாள். வருகிறவர் பெயரைப் பதிந்து, டியூபில் சீட்டு ஒட்டி, முடிவு வந்ததும் ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுப்பது வேலை. ரிப்போர்ட் எல்லாம் பின்னறையில் இருக்கிற ஒரு சர்வருக்குள் இருக்கும். அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு இடத்தில் வேலை கிடைத்து ஒரே நாளில் கிளம்பிவிட்டார். டாக்டர் சின்னவளைக் கூப்பிட்டு, "பதிமூணு வருஷத்துல உன் கையில ஒரு டியூப் மாறினதில்லைம்மா. மூணு மாசம் நீ பாரு. சரியா வந்தா பொறுப்பு உனக்கு. இல்லேன்னா வெளியில ஒரு கம்பெனிகிட்ட விட்டுடறேன்" என்றாராம். அது பரிசோதனை நிலைய மேனேஜருடைய சிநேகிதன் கம்பெனி. மேனேஜர் டாக்டருக்கு மைத்துனர். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மெஷின் ஓடுவது லினக்ஸ் என்கிற, யாரும் சும்மா எடுத்துக்கொள்ளக்கூடிய மென்பொருளில். அது தின்கிற பொருளா உடுத்துகிற பொருளா என்று சின்னவளுக்கு அப்போது தெரியாது. எங்கெங்கோ தேடி ஒரு பாடத்தைப் பிடித்தாள். உலகத்தில் எந்தெந்த மூலையிலோ இருக்கிறவர்கள், இப்படி ஒன்றும் தெரியாமல் வந்து நிற்கிறவர்களுக்காகச் சேர்ந்து எழுதியது. யாரோ ஒரு கூட்டம் அதைத் தமிழிலும் போட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பாடம், பாடத்துக்கு ஒரு பயிற்சி. மாட்டிக்கொண்டால் கேட்கலாம், யாராவது பதில் சொல்வார்கள். கட்டணமும் கிடையாது, பட்டமும் கிடையாது. பாடங்களை ஒவ்வொன்றாக வேண்டாத தாள்களின் பின்பக்கம் அச்சடித்து, ஓட்டை போட்டு, என் கடை நாடாவால் கட்டி வைத்திருந்தாள். கறுப்புப் பாவாடை நாடா. நல்ல கெட்டியானது, நானே கொடுத்தேன்.

அந்தப் பாடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அடியில் 'நான் விழுந்த குழி' என்று ஒரு பகுதி. பாடத்தை முடித்தவர் தான் செய்த தப்பை அங்கே எழுதிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். பெயர் போட வேண்டாம், தொழிலைப் போட்டால் போதும். 'பஸ் டிரைவர்: பழைய கோப்பை அழிக்கப் போய்ப் புதியதை அழித்தேன்.' 'பல் டாக்டர்: இரண்டு மாதம் காலி டப்பாவைப் பத்திரமாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன்.' சின்னவள் இதையெல்லாம் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாள். எனக்குச் சிரிப்பு வரும்.

பூட்டுக்காரருக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேருமாக என் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நனைத்துப் போட்ட துணி காயாமல் கொடியில் தொங்கி, கடை முழுக்க ஈர வாடை. அவர் அந்தக் கட்டை எடுத்து, பூட்டைத் திருப்பிப் பார்ப்பது மாதிரியே முன்னும் பின்னும் திருப்பினார்.

"இதை யாரு எழுதினது?"

"எல்லாரும்" என்றாள் சின்னவள்.

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தாங்க. ஒருத்தர் எழுதுவார், இன்னொருத்தர் திருத்துவார், மூணாவது ஆள் வந்து இது புரியலைம்பார், மறுபடி எழுதுவாங்க."

"எல்லாரும் எழுதினா யாரும் எழுதலைன்னு அர்த்தம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ யாரு சட்டையைப் பிடிப்பே?"

"எதுக்குச் சட்டையைப் பிடிக்கணும்?"

"அக்கா, நீங்களே சொல்லுங்க. பூட்டுக் கம்பெனிக்காரன் உள்ளே ஸ்பிரிங் எப்படி இருக்குன்னு படம் போட்டு ஊருக்குக் குடுப்பானா? எனக்கே குடுக்க மாட்டான். நானே ஒடைச்சுப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். இவங்க என்னடான்னா எல்லாத்தையும் தெறந்து போட்டு, வா வான்னு கூப்பிடறாங்க."

"தெறந்து கெடக்கறதாலதாங்க நம்பறாங்க. யார் வேணும்னாலும் உள்ளே பார்க்கலாம்."

"தெறந்து கெடந்தா நம்ப மாட்டாங்க. திருடுவாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தான் பண்ண தப்பை எவனாவது எழுதி வெப்பானா? முப்பது வருஷத் தொழில்ல நான் எத்தனை பூட்டைக் கெடுத்திருக்கேன், ஒருத்தர்கிட்ட சொல்லியிருக்கேனா? இதெல்லாம் ஆள் பிடிக்கிற வேலை. நானும் உன்னை மாதிரிதான்னு சொல்லிச் சொல்லிப் பக்கத்துல வர்றது" என்றார்.

"பிடிச்சு என்னங்க பண்ணுவாங்க என்னை?"

"உன்னை இல்லை. உன் கையில இருக்கிற மெஷினை."

அவள் டீயை ஊதினாள். அவர் விடவில்லை. "அந்த நத்தைங்கறது யாரு?"

நத்தை என்பது பதில் சொல்கிற ஆட்களில் ஒருத்தர் வைத்துக்கொண்ட பெயர். சின்னவள் எதைக் கேட்டாலும் பெரும்பாலும் நத்தைதான் வந்து விளக்குவார்.

"நத்தைதான்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"நத்தைங்க. நான் போய்க் கேட்டுட்டா இருக்க முடியும்?"

"பதிலைப் படிச்சுட்டுச் சிரிக்கிறயே."

"சிரிக்கிற மாதிரி எழுதினா சிரிக்காம என்ன பண்றது?"

டம்ளரை வைத்துவிட்டு அவர் எழுந்து போனார். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கும் அவர் பேசியதுதான் நியாயமாகப் பட்டது. ஒரு பட்டன் தைத்துக் கொடுத்தாலே கை நீட்டுகிற காலத்தில், முகம் தெரியாத ஒருத்தருக்காக ராப்பகலாக உட்கார்ந்து எழுத யாருக்கு என்ன வந்தது? சின்னவள் ஏமாந்துவிடப் போகிறாள் என்று பயந்தேன். பயந்ததோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். புதன்கிழமை அவர் கத்தரிக்கோலுக்குச் சாணை பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தபோது, "தம்பி, மனசுல வெச்சுப் புழுங்காதே. அவ இல்லாத நேரத்துல நீயே ஒரு தடவை உட்கார்ந்து என்னதான் இருக்குன்னு பாரேன்" என்றேன். தூபம் போட்டது நான்தான்.

வியாழக்கிழமை எனக்குச் சர்க்கரை பரிசோதனை. ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு போய், சின்னவள் கையால் சீட்டு ஒட்டிய டியூபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். "சனிக்கிழமை மூணு மாசம் முடியுதுக்கா. டாக்டர் பொறுப்பை எழுத்துல குடுக்கறேன்னிருக்கார்" என்று காதோடு சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. வீட்டுக்கு வந்து ரொட்டியும் வெந்த முட்டையும் தின்றுவிட்டு ஒரு கால்சட்டைக்கு மடிப்பு அடிக்க உட்கார்ந்தேன். மழை பிடித்துக்கொண்டது. பதினொரு மணி இருக்கும், பக்கத்துச் சுவரில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். பூட்டுக்கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு மறுபடி மெஷினை மிதித்தேன். எனக்கு அதில் ஒரு திருப்திகூட.

ஒரு மணிக்கு ரிப்போர்ட் வாங்கப் போனால் பரிசோதனை நிலையத்தில் நிற்க இடமில்லை. ஈரக் குடையும் ஈரச் செருப்புமாகக் கூட்டம் வாசல் வரை வழிகிறது. கவுண்டரில் இருந்த இரண்டு கம்ப்யூட்டரும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தன. பதினொன்றேகால் மணியிலிருந்து சர்வர் யாரையும் உள்ளே விடவில்லையாம். என் சர்க்கரையை விடுங்கள். ஒரு பெண், அப்பாவுக்கு இரண்டு மணிக்கு ஆபரேஷன், இந்த ரிப்போர்ட் இல்லாமல் மேஜையில் ஏற்ற மாட்டார்கள் என்று கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னறைக் கதவை மறித்து மேனேஜர் நின்றார். எதிரே சின்னவள்.

"ரூமைத் தெறங்க சார். மெஷின் முன்னாடி நேரா போய் உட்கார்ந்தா என்னன்னு பார்த்துடலாம்."

"எதுக்கு? மிச்சம் மீதி இருக்கறதையும் அழிக்கவா? பாஸ்வேர்டு உங்க கையில. உங்களைத் தவிர யாருக்கும் அதுல ஒண்ணும் தெரியாது. சனிக்கிழமை முடிவு சொல்ல வேண்டிய நேரத்துல வியாழக்கிழமை மெஷின் படுக்குது. நீங்க இல்லாட்டா இங்க ஒண்ணும் நடக்காதுன்னு காட்டறீங்களா?"

"நான் காலையில இருந்து இந்தக் கவுண்டரை விட்டு நகரலை சார்."

"வீட்டுல இருந்தும் உள்ளே போக உங்களுக்கு வழி இருக்குல்ல? நீங்க போக வேண்டாம். ஒரு ஆளை விட்டாப் போதும். ஊர் பேர் தெரியாத கும்பல்கிட்டதானே பாடம் படிக்கிறீங்க?"

சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கும் அந்தச் சந்தேகம் ஒரு நொடி வந்துபோனதை நான் பார்த்தேன். மூன்று மாதம் கை பிடித்து நடத்திய ஆட்களையே ஒரு நொடி சந்தேகப்பட்டாள். எனக்குத் தெரிந்தது பாதி இறங்கிய ஷட்டர் மட்டும்தான். மழையில் குடையைக்கூட விரிக்காமல் ஓடினேன்.

பூட்டுக்காரர் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தார். முன்னால் பாடக் கட்டு விரிந்து கிடந்தது.

"தம்பி, பதினொரு மணிக்கு என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலையே."

"அங்கே மெஷின் படுத்துடுச்சு. அவளை உள்ளே விடாம நிறுத்தி வெச்சிருக்காங்க. அவதான் கும்பலோட சேர்ந்து பண்ணான்னு மேனேஜர் சொல்றான். என்ன பண்ணேன்னு சொல்லு."

அவர் கை பாடத்தின் மேல் போனது. "இந்தச் சுவர் பாடத்தைத்தான் பார்த்தேன் அக்கா. மெஷினைச் சுத்தி எப்படிச் சுவர் எழுப்பறதுன்னு. வெளி ஆள் வராம இருக்க. அவ அவசரத்துல கம்ப்யூட்டரைத் தெறந்தே போட்டுட்டுப் போயிருந்தா. கறுப்பா ஒரு ஜன்னல். நம்ம வீட்டு கம்ப்யூட்டர்தானேன்னு இதுல இருக்கறதை அதுல அடிச்சுப் பார்த்தேன். பொறியா இல்லையான்னு தெரிஞ்சுக்க."

"அப்புறம்?"

"இதைப் படிங்க" என்று ஒரு வரியைக் காட்டினார். 'முதலில் நீங்கள் வந்துபோகும் வாசலைத் திறந்துவிடுங்கள். அதற்குப் பிறகே சுவரை எழுப்புங்கள்.' "பார்த்தீங்களா? முதல்ல ஒரு வாசலைத் தெறந்து வை, அப்புறம் பூட்டுங்கறான். எந்தத் திருடன்தான் இப்படிச் சொல்ல மாட்டான்? சிக்கினான்டான்னு நெனைச்சேன். என் தொழில்ல முதல்ல அடைப்போம், அப்புறம்தான் சாவியைப் போட்டுப் பார்ப்போம். அதனால அந்த வாசல் வரியை விட்டுட்டுச் சுவரை எழுப்பிட்டேன். ஜன்னலையும் மூடிட்டேன்."

அந்த ஜன்னல் அவர் வீட்டுக் கம்ப்யூட்டருடையது இல்லை. காலையில் கிளம்புமுன் சின்னவள் அதன் வழியாகப் பரிசோதனை நிலையத்து மெஷினுக்குள் போயிருந்தாள். இவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு மூன்று தெரு தள்ளி இருக்கிற கதவை அடைத்திருக்கிறார். எனக்குப் புரிந்ததைவிட அவருக்குச் சீக்கிரம் புரிந்தது. பூட்டுக்காரர் அல்லவா? பாடத்தின் அடியில் அந்த ஒரு குழிக்கு மட்டும் நாற்பது பேர் எழுதியிருந்தார்கள். பால்காரர், பள்ளிக்கூடத்து டீச்சர், கப்பலில் சமைக்கிறவர், எல்லாரும் வாசலை மறந்து சுவரை எழுப்பித் தங்களை வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டவர்கள். 'பயப்பட வேண்டாம், மெஷின் முன்னால் நேரில் போய் உட்கார்ந்தால் ஐந்து நிமிஷ வேலை' என்று நத்தை எழுதியிருந்தார். அதை அவர் வாசித்திருக்கிறார். நம்பவில்லை.

"வா, வந்து சொல்லு" என்றேன்.

"நான் சொன்னா அவளை உளவு பார்த்தேன்னு ஆகாதா?"

"பார்க்கத்தானே பார்த்தே."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நீங்கதானே சொன்னீங்க என்று அவர் வாய் திறந்து கேட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. கேட்கவில்லை. சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு என்னோடு நடந்தார்.

அதற்குள் டாக்டரும் கீழே வந்திருந்தார். பூட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் பூசி மெழுகவில்லை, அதைச் சொல்ல வேண்டும். திறந்திருந்த ஜன்னல், விட்டுவிட்ட வரி, எழுப்பிய சுவர். ஏன் பார்த்தார் என்கிற இடம் வந்தபோது மட்டும் குரல் இறங்கியது. "இவ யார்கூடப் பேசறான்னு பார்க்கத்தான் சார் உட்கார்ந்தேன்."

சின்னவள் அவரைப் பார்க்கவில்லை. "சார், ரூமைத் தெறங்க. அஞ்சு நிமிஷம்" என்றாள்.

"அத்தான், யோசிச்சுத் தெறங்க. இந்த ரூம் பூட்டே இந்த ஆள் போட்டதுதான்" என்றார் மேனேஜர்.

டாக்டர் சாவியைப் போட்டுத் திறந்தார். கதவு கீழே உரசிக்கொண்டு திறந்தது. உள்ளே மெஷின் இரைந்துகொண்டிருந்தது. உட்கார நாற்காலிகூட இல்லை. சின்னவள் நின்றபடியே கீபோர்டை இழுத்து அடித்தாள். பாடத்தைப் பார்க்கவில்லை, அதெல்லாம் அவள் விரலில் ஏறியிருந்தது. முதலில் கவுண்டருக்கு ஒரு வாசல், பிறகு தனக்கு ஒரு வாசல். வெளியே கவுண்டரில் இருந்த பெண் "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கத்தினாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆபரேஷனுக்குக் காத்திருந்தவருடைய ரிப்போர்ட்தான் முதலில் வந்தது. அந்த மகள் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் ஓடினாள்.

கூட்டம் கவுண்டர் பக்கம் போன பிறகு டாக்டர் கதவை ஒட்டினாற்போல் நின்று சொன்னார். "உன்னை நம்பறேம்மா. இவ்வளவு நடந்தும் கை நடுங்காம வேலையைப் பார்த்தே. ஆனா உன் வீட்டை நம்ப முடியலையே. ஊர்ல பாதிப் பேர் உடம்புக் கதை இதுக்குள்ளே இருக்கு. வீட்டுல இருந்தும் நீ இதைத் தொடணும்னா நான் எப்படிக் குடுக்கறது?"

மேனேஜர் முகம் தெளிந்துவிட்டது. சின்னவள் அழுவாள் என்று நினைத்தேன். அந்த இடத்தில் நானாக இருந்தால் புருஷன் தலையில் இரண்டு போட்டிருப்பேன். அவள் மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல இருந்து வேண்டாம் சார். அந்த வழியை இப்பவே அடைச்சுடறேன். இந்த ரூம்ல ஒரு நாற்காலி போட்டுக் குடுங்க. காலையில ஆறு மணிக்கு வந்துடறேன், கவுண்டர் மூடினப்புறமும் இருந்து பார்த்துட்டுப் போறேன்."

டாக்டர் யோசித்தார். "சரி. நாற்காலி போடலாம்" என்றார்.

"இன்னொண்ணு சார்" என்றாள். அவள் குரல் கொஞ்சம் பிசிறியது. "இந்தக் கதவுக்கு வேற பூட்டு போடுங்க. வேற ஆளைக் கூப்பிட்டு."

பூட்டுக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. கதவின் கீழ் விளிம்பைப் பார்த்தார். "கதவு எறங்கியிருக்கு சார். முதல்ல கீலை ஏத்தச் சொல்லுங்க. இல்லேன்னா எந்தப் பூட்டும் நிக்காது" என்றார். பிறகு இடுப்பிலிருந்து கொத்தை எடுத்தார். ஒரு சாவியைக் கழற்றி மெஷின் பக்கத்தில் வைத்தார்.

சின்னவள் அந்தச் சாவியைப் பார்த்தாள், பிறகு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். "இது எதுக்கு உங்ககிட்ட இருக்கு?"

"யாராவது தொலைச்சுட்டு வந்து நின்னா குடுக்கத்தான். எல்லாத்துலயும் ஒண்ணு எடுத்து வெச்சிருப்பேன். தெறந்ததில்லை. சத்தியமா ஒண்ணைக்கூடத் தெறந்ததில்லை."

டாக்டர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சின்னவள் வேலை இருக்கிறது என்று அங்கேயே இருந்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் மழை விட்ட தெருவில் நடந்து வந்தோம். "நல்லதுக்குத்தான் அக்கா வெச்சிருந்தேன்" என்றார். "நானும் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றேன்.

கடை வாசலுக்கு வந்ததும் நான் உள்ளே போகவில்லை. என் கடைக்குப் பூட்டு போட்டவரும் அவர்தான். அவரைப் பழி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தெரிந்துதான் என் சாவிக்காகக் கையை நீட்டினேன். அவர் ஒன்றும் கேட்காமல் கொத்தை எடுத்தார். முப்பது நாற்பது சாவி இருக்கும், எல்லாம் ஒரே மாதிரி, சீட்டு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அதில் என் சாவி எது என்று அவர் தேடவே இல்லை, நேராக அதைக் கழற்றி என் கையில் வைத்தார்.